ஒரு டைபோலும் வேலா பல்சரும்: முத்தோரையில் செய்த ஆய்வேடு

முதுகலை ஆய்வேட்டுக்காக, உதகையை அடுத்த முத்தோரையிலுள்ள ரேடியோ தொலைநோக்கியின் பதிவுகளைக் கொண்டு விண்மீன்களுக்கு இடையிலுள்ள காந்தப்புலத்தை அளக்கப் போவதாகச் சொன்னபோது உடன் படித்தவர்கள் ஐயப்பட்டது நியாயமே. உதகையின் அட்சரேகைக்குச் சமமாக, ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் அந்தத் தொலைநோக்கியின் டைபோல்கள் (அலைகளை வாங்கும் கம்பி ஆன்டெனாக்கள்) அனைத்தும் ஒரே திசையில் இருப்பதால், அந்தத் திசையில் அதிரும் அலைகளை மட்டுமே அது வாங்கும். தளவிளைவை, அதாவது அலை எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பதை, அளக்க ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு வாங்கிகள் தேவை என்றே நாங்கள் படித்திருந்தோம்.

ஆனால் சுழன்றபடி சீராகத் துடிக்கும் விண்மீன் எச்சமான வேலா பல்சரின் ரேடியோ அலைகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்பவை. வழியிலுள்ள எலக்ட்ரான்களும் காந்தப்புலமும் அந்தத் தளத்தை அலைநீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் திருப்புகின்றன. இந்த ஃபாரடே சுழற்சியால் தளம் டைபோலுக்கு இணையாகும் அதிர்வெண்ணில் செறிவு கூடி, குறுக்காகும் இடத்தில் குறைந்து, நிறமாலையில் ஓர் ஏற்ற இறக்கம் தோன்றுகிறது. 326.5 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய 16 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் வேலாவுக்கு அந்த ஏற்ற இறக்கத்தின் ஏறக்குறைய ஒரே ஓர் அலைதான் தேறும். வாங்கியின் சொந்த வளைவும் அதனோடு குழம்பியதால், துடிப்பில்லாத நேரத்து நிறமாலையால் வகுத்து அதை நீக்கினேன்.

தவறு அதன் பிறகு நேர்ந்தது. கார்த்திகை மாதத்தில் அதிகாலை 4 மணி முதல் 8 மணி வரை எடுத்த பதிவுகளை, இரைச்சல் குறையட்டும் என்று ஒன்றாகக் கூட்டினேன். அலையே காணாமல் போயிற்று. மூன்று வாரம் நிரலில் பிழை தேடினேன். பிழை நிரலில் இல்லை, வானத்தில் இருந்தது: வெயில் ஏற ஏற, பூமியின் மேல்வளியிலுள்ள அயனி மண்டலத்தில் எலக்ட்ரான்கள் பெருகுகின்றன, அந்த அலைநீளத்தில் சுழற்சி அளவு (தளம் திரும்பும் கோணத்தை அலைநீளத்தின் வர்க்கத்தால் வகுத்தது) 2 அலகு கூடினாலே தளம் ஏறத்தாழ 97 பாகை திரும்பி, முகடு பள்ளமாகிவிடும். பத்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்துப் பார்த்ததும் அலை திரும்பி வந்தது.

சுழற்சி அளவு 30-களில் அமைந்தது. தாழ் அதிர்வெண்ணில் துடிப்பு தாமதமாக வருவதிலிருந்து கிடைக்கும், வழியிலுள்ள எலக்ட்ரான்களின் மொத்த அளவான 68 உடன் ஒப்பிட, சராசரிப் புலம் சுமார் 0.6 மைக்ரோகாஸ்.

வாய்மொழித் தேர்வில், அந்தப் புலம் நம்மை நோக்கியதா, விலகியதா என்று கேட்டார்கள். ஒற்றை டைபோலின் அலைவடிவம் அந்தத் திசையை, அதாவது சுழற்சி அளவின் குறியை (கூட்டலா கழித்தலா என்பதை), சொல்லாது. ஆனால் வேலா இருக்கும் தெற்கு வானைப் பார்க்கும்போது பூமியின் புலம் நம்மை நோக்கியே வருகிறது; இரண்டும் தளத்தை ஒரே பக்கம் திருப்பினால்தான் காலை ஏற ஏற முகடு உயர் அதிர்வெண் பக்கம் நகரும்; அப்படியே நகர்ந்ததால், வேலாவின் குறியும் அதுவே என்றேன். என்னை மூன்று வாரம் அலைக்கழித்த அயனி மண்டலம்தான் அந்த விடையைக் கொடுத்தது.