மழை மாசத்துல திருச்சி ரோட்ல கிளம்புறதுக்கு முன்னாடி

நவம்பர், டிசம்பர்ல சென்னைல இருந்து திருச்சி பக்கம் கார்ல போறவங்க, இங்க வெயில் அடிக்குதேன்னு அப்படியே கிளம்பிடாதீங்க, ஏன்னா ரோட்டை அடைக்கிற தண்ணி அந்த இடத்துல பெஞ்ச மழைல இருந்துதான் வரணும்னு இல்ல. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் கரையக் கடந்ததுக்கு அப்புறம்தான் திருவண்ணாமலை பக்கம் தென்பெண்ணை ஆத்துல இருக்கற சாத்தனூர் டேம்ல ராவோட ராவா செகண்டுக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்துவிட்டாங்க, ஆறு பொங்கி விழுப்புரம் பக்கம் அரசூர் கிட்ட ஹைவே மேலயே ஓடுச்சு, வண்டியெல்லாம் அப்படியே நின்னுச்சு.

அதனால நான் வானிலை மையத்தோட கலர் அலர்ட்ட போற வழில இருக்கற மாவட்டத்துக்கு மட்டும் பாக்கறதில்ல, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிக்கும் சேத்துப் பாப்பேன், ஆத்துக்குத் தண்ணி அங்கருந்துதான வருது. அப்புறம் டேம் நியூஸ். மேப்ல சிவப்பா தெரிஞ்சா ட்ராஃபிக்னு புரியும், வெள்ளமா ஆக்சிடென்ட்டான்னு புரியாது, அதுக்கு நேஷனல் ஹைவே ஹெல்ப்லைன் 1033 இருக்கு. விழுப்புரம் பக்கம் அத்தை, சித்தப்பான்னு யாராவது இருந்தா இன்னும் பெஸ்ட், ஆத்து நிலவரத்தோட ஊர்க்கதையும் ஃப்ரீயா வரும் :) வைப்பர், டயர் பாத்துக்கோங்க. ரெட் அலர்ட்னா பேசாம அடுத்த நாள் போங்க.