டிராஸ் போர் நினைவகமும் 300 ரூபாய்த் தகராறும்

ஸ்ரீநகரிலிருந்து கார்கிலுக்குச் செல்லும் ஷேர் டாக்ஸியில் ஓர் இருக்கைக்கு 1,200 ரூபாய் என்று பேசி ஏறியபோது, டிராஸில் ஒரு மணி நேரம் நிறுத்துவதும் அதில் அடக்கம் என்று ஓட்டுநர் தலையாட்டியிருந்தார். சோஜி லா கணவாயைத் தாண்டி, 1999 கார்கில் போரில் இறந்தவர்களுக்கான நினைவகத்தின் வாசலை அடைந்ததும், காத்திருப்புக் கூலியாகத் தலைக்கு 300 ரூபாய் கூடுதலாகக் கேட்டார். பத்தாயிரம் அடிக்கு மேல் மூச்சு வாங்கிக்கொண்டு யாரால் வாதாட முடியும்? கொடுத்துத் தொலைத்தேன். அன்றிரவு அறை வாடகையில்தான் அதை ஈடுகட்ட வேண்டியிருந்தது.

உள்ளே செல்லக் கட்டணம் இல்லை. நேர் எதிரே நிற்பது, அந்தப் போரில் பாகிஸ்தான் படை பிடித்து வைத்திருந்த தோலோலிங் மலை. அதன் உச்சியில் உட்கார்ந்தவனுக்கு ஸ்ரீநகர்–லே சாலையில் ஊர்ந்து செல்லும் ஒவ்வொரு லாரியும் தெரியும் என்பதும், 1999 ஜூன் 13 அன்று அதை மீட்ட 2 ராஜ்புதானா ரைஃபிள்ஸ் படைப்பிரிவு ஏறிய சரிவில் ஒளிந்துகொள்ள ஒரு மரம்கூட இல்லை என்பதும் அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் உறைக்கின்றன.

பார்வையாளர்களுக்குப் போரை விளக்கும் பணியில் இருந்த ஜவான், நான் தமிழில் முணுமுணுத்ததைக் கேட்டு, "எந்த ஊரு சார்?" என்றார், தேனிப் பக்கத்துக்காரர். உங்களுக்குக் கொடி என்றால் என்ன என்று நான் கேட்டதற்கு, மேடைப் பேச்சு எதையும் அவர் எடுத்துவிடவில்லை. "காலைல ஏத்துறது, சாயங்காலம் இறக்குறது, கசங்காம மடிக்கிறது, அது டியூட்டி சார். கூட ஒரே தட்டுல சாப்பிட்டவன் பெட்டிமேல அதை விரிக்கிறப்பதான் வேற மாதிரி ஆயிடும்" என்றார். காவி நிறம் தலைமாட்டில் வர வேண்டும் என்பதையும், கொடியைக் குழியிலோ சிதையிலோ விடக் கூடாது என்பதையும், அதை மடித்துக் குடும்பத்தாரிடம் ஒப்படைப்பார்கள் என்பதையும் அவர் சொன்ன விதத்தில், பலமுறை செய்து பழகிய வேலையின் நிதானம் இருந்தது. 'நாம், நமக், நிஷான்' என்று படையில் சொல்வார்களாம்: யூனிட்டின் பெயர், தின்ற உப்பு, கொடி. சரிவில் ஏறும்போது மனத்தில் இருப்பது பக்கத்தில் ஏறுகிறவனும் யூனிட்டின் பெயரும்தான் என்பது அவர் கட்சி. தொலைக்காட்சியில் தேசபக்தி பேசுவோர் அவரிடம் பத்து நிமிடம் பாடம் கேட்கலாம்.

இளஞ்சிவப்புக் கல் சுவரில் பொறிக்கப்பட்ட பெயர்களில் பிஹார் ரெஜிமெண்டின் மேஜர் மாரியப்பன் சரவணனைத் தேடினோம். திருச்சிக்காரரான அவர் 1999 மே 29 அன்று படாலிக் பகுதியில் வீழ்ந்தார்; எதிரியின் துப்பாக்கிகளுக்கு நேரே கிடந்த அவர் உடலை மீட்க ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. செத்தவனையும் விட்டுவிட்டு வர மாட்டோம் என்பதுதான் தங்கள் பிழைப்பின் பாதி என்றார் ஜவான். அதே சுவருக்கு முதுகைக் காட்டி, விரல்களை விரித்துச் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோ அவர்களுக்கும் பொறுமையாகப் படம் எடுத்துக் கொடுத்தார்.

டிராஸ் கடைத்தெருவில் சுடச்சுட ராஜ்மா சாதம் சாப்பிடுங்கள், அருமை. ஆனால் ஜூலை 26, கார்கில் வெற்றி நாளான கார்கில் விஜய் திவஸ் அன்று போகாதீர்கள். அது இறந்தவர்களின் குடும்பத்தாருக்கும் அவர்களுடைய யூனிட்டுகளுக்குமான நாள், நம் கூட்டம் அங்கே இடைஞ்சல்.