தாரமங்கலத்துக்கு ஹெட்செட் வேண்டுமா?

பழைய கட்டடம் எதைப் பார்க்கப் போனாலும் இப்போது கையில் டேப்லெட்டைத் திணிக்கிறார்கள், தலையில் ஹெட்செட்டை மாட்டுகிறார்கள், சுவர் முழுக்க எல்.இ.டி. திரை. நல்லதா கெட்டதா என்று ஒரேயடியாகத் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் நம்ம சேலம் பக்கம், தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்கு அப்படி ஒன்று வந்தால் எதற்கு வைக்கலாம், எதன் பக்கத்திலேயே வரக்கூடாது என்பதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு.

வேலை விஷயமாக பார்சிலோனா போயிருந்தபோது காசா பாட்யோ வீட்டைப் பார்த்தேன். ஏற்கனவே இருந்த வீட்டை 1904 முதல் 1906 வரை ஆன்டொனி கவுடி என்ற கட்டடக் கலைஞர் அடையாளமே தெரியாத அளவுக்கு மாற்றிக் கட்டியது, 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே போனதும் ஒரு கருவி கொடுக்கிறார்கள். காலியாகக் கிடக்கும் அறையை நோக்கிப் பிடித்தால் அந்தக் காலத்து மேசை நாற்காலியெல்லாம் திரையில் வந்து உட்காருகிறது. ஆறு பக்கமும் திரையாலேயே ஆன ஒரு அறைகூட இருக்கிறது, உள்ளே நின்றால் மேலே கீழே என்ற கணக்கே போய்விடும். பிரமாதம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

எனக்குப் பிடித்தது வேறு. வீட்டின் நடுவே மேலிருந்து கீழ்வரை வெளிச்சத்துக்காக ஒரு முற்றம் விட்டிருக்கிறார் கவுடி. நீல ஓடு பதித்த சுவர். மேலே அடர் நீலம், இறங்க இறங்க வெளிறிக்கொண்டே வருகிறது. ஜன்னல்களோ மேலே சின்னது, கீழே பெரியது. வெயில் நேராக விழும் மேல்மாடியில் வெளிச்சத்தைக் கொஞ்சம் அடக்கி, எட்டாத கீழ்மாடிக்கு அள்ளிக் கொடுக்கிற ஏற்பாடு. மின்சாரம் வேண்டாம், ஆப் வேண்டாம். நூறு வருஷம் தாண்டியும் வேலை செய்கிறது. அந்த இடத்தில் நின்றுகொண்டு என் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கையில் இருந்த திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்!

போன மாதம் மாமாவைக் கூட்டிக்கொண்டு தாரமங்கலம் போனபோது இதுதான் மனதில் ஓடியது. கெட்டி முதலிகள் எடுப்பித்த கோயில், மதுரை நாயக்கர்களுக்குக் கீழே இந்தப் பக்கத்தை ஆண்டவர்கள். அங்கே ஒரு தூணில் வாலியும் சுக்ரீவனும் சண்டை போடுகிறார்கள், தள்ளி இன்னொரு தூணில் ராமர் வில்லோடு நிற்கிறார். ராமர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலி பக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தால் ராமர் தெரியமாட்டார். மறைந்து நின்று அம்பு விட்ட கதையை, தூண்களை நிறுத்திய கோணத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

மாமாவை வாலி தூணுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு நான் ராமர் பக்கம் போனேன். "எங்க கண்ணு ராமரு?" என்று அங்கிருந்து சத்தம். "உங்களையே பார்த்துட்டுதான் நிக்கிறாரு மாமா" என்றேன். அவர் நம்பவில்லை, நடந்து வந்து பார்த்தார், மறுபடி வாலியிடம் போனார், மறுபடி வந்தார். முட்டிவலி என்று வண்டியை விட்டு இறங்கவே யோசித்த மனுஷன்.

இதை வி.ஆரில், அதாவது ஹெட்செட் மாட்டிக்கொண்டு உள்ளே பார்க்கிற மெய்நிகர் காட்சியில் கொண்டுவந்தால் என்ன ஆகும்? பட்டனைத் தட்டினால் வாலி, இன்னொரு தட்டு தட்டினால் ராமர். ஏ.ஆர்., அதாவது எதிரே இருக்கும் நிஜ இடத்தின் மேலேயே திரையில் படம் சேர்த்துக் காட்டுவது என்றால், தரையில் பச்சை அம்புக்குறி போட்டு "இங்கே நிற்கவும்" என்று காட்டும். அப்புறம் அந்த வேடிக்கையில் என்ன மிச்சம்? காலால் நடந்து கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றை உட்கார்ந்த இடத்தில் ஊட்டிவிடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. யாளி வாயில் இருக்கும் கல் உருண்டையும் இதே ரகம்தான். உள்ளே உருளும், வெளியே எடுக்க முடியாது. விரல் படாமல் அது விளங்காது.

ஆனால் விதானம் வேறு விஷயம். மேலே தலைகீழாகப் பூத்த கல் தாமரை, சுற்றிலும் கிளிகள். உயரமும் இருட்டும் சேர்ந்து, கழுத்து வலிப்பதற்குள் பாதிகூடப் பார்க்க முடிவதில்லை. அதை ஸ்கேன் செய்து கண் மட்டத்துக்கு இறக்கிக் காட்டினால் முதல் ஆளாக டிக்கெட் வாங்குவேன். செய்யவும் முடியும். ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நூற்றுக்கணக்கில் படம் எடுத்துக்கொடுத்தால், எல்லாப் படத்திலும் வரும் ஒரே புள்ளிகளைப் பிடித்து மென்பொருள் முப்பரிமாண உருவத்தைக் கட்டிவிடும். எண்ணெய் ஏறிப் பளபளக்கும் கல்தான் தொல்லை, ஒவ்வொரு கோணத்தில் ஒவ்வொரு மாதிரி மின்னினால் எது எந்தப் புள்ளி என்று அதற்குக் குழம்பிவிடும். அதற்குத்தான் வெளிச்சத்தைப் பரப்பிக் கொடுத்து, லேசர் ஸ்கேனையும் சேர்த்துக்கொள்வார்கள்.

போனை வைத்துக்கொண்டு சந்நிதி வரை ஆப்போடு போகிற திட்டமெல்லாம் எடுபடாது. தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று 2022 டிசம்பரிலேயே உயர்நீதிமன்றம் சொல்லியாயிற்று, நல்லதுக்குத்தான். கோயிலுக்கு வெளியே ஒரு சின்னக் கூடம் போதும். விதானத்தை அங்கே காட்டட்டும். கூடவே கெட்டி முதலிகள் கதையையும். இவர்கள் பக்கத்து அமரகுந்தியில் இருந்தவர்கள். இதெல்லாம் சேலத்தில் படித்து வளர்ந்த எனக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை. மதுரையில் திருமலை நாயக்கர் மகாலுக்கு ஒலி-ஒளிக் காட்சி எத்தனையோ வருஷம் நடந்திருக்கிறது, அந்த நாயக்கர்களுக்குக் கீழே இருந்த நம்மாட்களுக்கு ஒரு கூடம்கூடவா கிடைக்காது?

அதுவரைக்கும், போகிறவர்கள் சாயங்காலமாகப் போங்கள். கோயில் மேற்கு பார்த்தது, மதியம் நடை சாத்தித் திறந்த பிறகுதான் வெயில் சாய்ந்து வாசல் பக்கமாக வரும், முன்பக்கத் தூண்களைப் பார்க்க அந்த வெளிச்சம்தான் சரி. சேலத்திலிருந்து பஸ் தாராளமாக இருக்கிறது. ராமர் எந்தத் தூணில் இருக்கிறார் என்று மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள்.