துவர்ப்பு இறங்கிய பாட்டில்

கடைக்காரர் பாட்டிலை உடனே கையில் தரவில்லை. செல்போன் டார்ச்சை எரியவிட்டு அதன் கழுத்துக்குப் பின்னால் பிடித்தார். பச்சைக் கண்ணாடிக்குள் ஒயின் எதுவரை நிற்கிறது என்று தெரிந்தது. கழுத்து முடிந்து தோள் தொடங்கும் இடத்துக்கு ஒரு விரல்கடை மேலே. இருபத்தெட்டு வருடத்துக்கு இது நல்ல மட்டம் என்றார். கார்க் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டேதான் இருக்குமாம். தோளின் பாதிவரை இறங்கிவிட்டால் காற்று நிறைய உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்; எத்தனை பெரிய பெயராக இருந்தாலும் வாங்காதீர்கள் என்றார்.

"நாம குவாட்டர் வாங்கும்போது சீல் மட்டும்தான்டா பார்ப்போம்" என்றான் நண்பன்.

அவன் பிரான்சில் துலூஸ் நகரில் வேலை பார்க்கிறான். அங்கிருந்து, இந்தக் கடை இருக்கும் ஒயின் நகரமான போர்தோவுக்கு ரயிலில் இரண்டு மணி நேரச் சொச்சம். கல்லூரி விடுதியில் மட்ட ரம்மில் தொடங்கிய சிநேகிதம் இது; வாழ்க்கையில் ஒரு தடவையாவது உருப்படியான பழைய பாட்டில் ஒன்றைச் சேர்ந்து வாங்கிக் குடிப்பது, செலவு ஆளுக்குப் பாதி, என்று ரொம்ப நாள் பேச்சு.

முந்தின நாள் கிராண்ட் தியேட்டர் பக்கத்தில் இருக்கும் லேந்தாந்தான் என்ற கடைக்குப் போயிருந்தோம். கடை என்பதைவிடக் கோபுரம் எனலாம். சுழல் படிக்கட்டு மேலே போகப் போக, சுவரைச் சுற்றி அடுக்கிய பாட்டில்களின் விலையும் ஏறுகிறது. கீழே பத்து, இருபது யூரோவுக்கு நம் வசதிக்குத் தக்கவை. உச்சியில் இருப்பவற்றின் விலைச்சீட்டைப் படித்ததும் நண்பன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். அதற்கப்புறம் சுற்றுலாக்காரர்கள் நடமாடும் தெரு ஒன்றில், 1982 என்று எழுதிய பாட்டில் ஒன்று ஆச்சரியமான மலிவில் கண்ணாடி ஜன்னலில் நின்றுகொண்டிருந்தது. 1982 போர்தோவுக்குப் பேர்போன வருடம். கிட்டத்தட்ட வாங்கியே விட்டோம். நல்லவேளை, பசி வந்து சாப்பிடப் போய்விட்டோம்.

மறுநாள் டார்ச் பிடித்த இந்தப் பெரியவரிடம் அதைச் சொன்னபோது அவர் சிரிக்கக்கூட இல்லை. வெயில் படும் இடம், அதுவும் நின்றபடி. படுக்க வைத்தால்தான் கார்க் நனைந்து உப்பி அடைத்திருக்கும். நின்றால் காய்ந்து சுருங்கிவிடும். பழைய ஒயினில் காசு கொடுப்பது யாரோ ஒருவர் இருட்டில், குளிரில், அசையாமல் அதைப் படுக்க வைத்திருந்ததற்குத்தான் என்பது அவருடைய கட்சி. எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

கடைசியில் எங்களுக்கு வாய்த்தது சான் ஜூலியன் ஊரின் க்ரூவோ லரோஸ் தோட்டத்தின் 1996 ஒயின். விலை 145 யூரோ, அன்றைய கணக்கில் ஏறக்குறைய பதின்மூன்றாயிரம் ரூபாய். 'அரசர்களின் ஒயின், ஒயின்களின் அரசன்' என்பது இந்தத் தோட்டத்தின் பழைய வாசகம். அடக்கமெல்லாம் இந்த ஊரில் கிடையாது. 1855 பாரிஸ் கண்காட்சிக்காக பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் கேட்டபோது, போர்தோவை அடுத்த மெடோக் பகுதித் தோட்டங்களை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். அதில் இது இரண்டாம் படி. யாரோ வல்லுநர்கள் ருசி பார்த்துத் தரம் பிரித்தார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். தரகர்கள் அதுவரை விற்ற விலையைப் பார்த்துப் போட்ட பட்டியலாம். அது இன்றைக்கும் அப்படியே செல்லுபடியாகிறது. 1973ல் மூத்தோன் ரோத்ஷில்ட் என்ற தோட்டம் இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு ஏறியதுதான் பெரிய மாற்றம்.

பாட்டிலை ஒரு நாள் முழுக்க நிற்க வைக்கச் சொல்லியிருந்தார், வண்டல் அடியில் இறங்குவதற்காக. தங்கியிருந்த வீட்டில் அலமாரியின் இருண்ட மூலையில் நிறுத்திவிட்டு, வாடகைக் காரில் மெடோக் பக்கம் போனோம்.

பார்க்க ஒன்றுமில்லாத தட்டை பூமி. மலை இல்லை, பள்ளத்தாக்கு இல்லை. கொடிகள் இடுப்பு உயரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கின்றன. வரிசை முனையில் சில இடங்களில் ரோஜாச் செடி. நோய் வந்தால் ரோஜாவில் முதலில் தெரியும் என்பது பழைய வழக்கம். காரை நிறுத்தி இறங்கி மண்ணைப் பார்த்தேன். மண் எங்கே இருக்கிறது, எல்லாம் கூழாங்கல். நம் ஊர்க்காரர் இதில் கடலைகூடப் போட மாட்டார். ஆனால் அதுதான் விஷயமாம். தண்ணீர் நிற்காமல் வடிந்துவிடுவதால் வேர் ஆழமாகப் போகிறது. பகல் வெயிலைக் கல் பிடித்து வைத்துக்கொள்வதால், தாமதமாகப் பழுக்கும் கபர்னே சோவினியோன் திராட்சைக்கு ஒத்தாசை. முன்பு இங்கே பெரும்பகுதி சதுப்பு நிலம்; பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வந்து வாய்க்கால் வெட்டி வடித்த பிறகுதான் இந்தத் தோட்டங்களுக்கே வாழ்வு வந்தது.

ஒரு தோட்டத்தில் நிலவறையைச் சுற்றிக் காட்டினார்கள். 225 லிட்டர் ஓக் பீப்பாய்கள், வரிசை வரிசையாக. ஒயினைத் தெளிய வைக்க முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து ஊற்றுவார்களாம், பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டை. அது துவர்ப்பையும் தூசியையும் பிடித்துக்கொண்டு அடியில் போய்ப் படிந்துவிடும். மீந்த மஞ்சள்கருவில்தான் போர்தோவின் கானெலே பலகாரம் பிறந்தது என்கிறார்கள். கேட்டதும் எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தது. கலங்கின தண்ணீர்ப் பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையைத் தேய்த்துவிட்டு, "தெளியட்டும், தொடாதே" என்பார். பழைய தமிழில் மதுவுக்குத் தேறல் என்று ஒரு பெயர் உண்டு. தேறுதல் என்றால் தெளிதல்தானே.

அங்கேயே இரண்டு வயது ஒயினைக் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார்கள். கத்தரிப்பூ நிறம். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. ஒயின் தெரிந்தவர்கள் இதற்கு டானின் என்று சொல்லிப் பக்கம் பக்கமாக விளக்குகிறார்கள். நமக்கு விளக்கம் எதற்கு? துவர்ப்பு. அறுசுவையில் ஒன்றாகவே வைத்திருக்கிறோம். கடுக்காயும் கொட்டைப்பாக்கும் கடித்த வாய்க்கு இது பழகிய ருசிதான். வண்டி ஓட்ட வேண்டியவன் என்பதால் நண்பன் மட்டும் முறைப்படி வாளியில் துப்பினான். பாக்கு போட்டுத் துப்பிய பரம்பரை, குறி தப்பவில்லை.

மாலை வீடு திரும்பி, பாட்டிலைத் திறந்தோம். பழைய கார்க்குக்கு என்று இரண்டு தகடு வைத்த திறப்பான் உண்டு, வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். 145 யூரோ கொடுத்தவர்கள் அந்தப் பன்னிரண்டு யூரோவை மிச்சம் பிடித்தோம். வீட்டில் கிடந்த சாதாரணத் திருகு திறப்பானைப் போட்டு இழுத்ததும் பாதி கார்க் கையோடு வந்தது, மீதி உள்ளேயே நின்றது. பத்து நிமிடம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. கத்தி முனையால் நோண்டி எடுத்தும் நான்கைந்து துணுக்குகள் உள்ளே விழுந்துவிட்டன. அதனால் தேநீர் வடிகட்டி.

தண்ணீர்க் கூஜாவின் மேல் வடிகட்டியை வைத்து, பாட்டிலின் கழுத்துக்கு அடியில் அவன் டார்ச் பிடிக்க, நான் நிறுத்தாமல், அவசரப்படாமல் சாய்த்தேன். முக்கால் பாட்டிலுக்கு மேல் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது. அப்புறம் கருப்பாக ஓர் இழை, புகை போல, தோளைத் தாண்டிக் கழுத்தை நோக்கி ஊர்ந்தது. "போதும், போதும்!" என்று கத்தினான். நிறுத்தினேன். அடியில் இரண்டு விரல் உயரம் மீந்தது.

கிளாஸைச் சாய்த்தால் நடுவில் சிவப்பு, விளிம்பில் செங்கல் நிறம். முதல் மோப்பத்தில் ஏமாற்றம்தான்: ரொம்ப நாள் பூட்டியிருந்த வீட்டைத் திறந்த வாடை. பதினைந்து நிமிடத்தில் அது விலகி, அப்போதுதான் சீவிய பென்சில் மணந்தது. கொஞ்ச நேரத்தில் உலர்ந்த திராட்சை, அதற்குப் பின்னால் புகையிலையும் ஈர மண்ணுமாகத் தாத்தாவின் வெற்றிலைப் பெட்டி. வாயில் வைத்தால் காலையில் நாக்கைப் பிடித்து இழுத்த அந்தத் துவர்ப்பு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. இருந்தது. ஆனால் நாவல்பழம் தின்று வெகுநேரம் கழித்து நாக்கில் மிஞ்சியிருக்குமே, அந்த அளவுக்கு.

சந்தையில் வாங்கிய சுட்ட கோழி, ரொட்டி, கோந்த்தே சீஸ். நண்பன் பழக்க தோஷத்தில் ஆவக்காய் பாட்டிலைத் திறக்கப் போனான். பிடுங்கி வைத்தேன்.

சுமார் ஒரு மணி நேரம் அது தன் உச்சத்தில் இருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு வாசனையாக விடைபெற்றது. கடைசி கிளாஸில் மெல்லிய புளிப்புத்தான் மீதி. காற்றுப் பட்டால் பழைய ஒயினுக்கு நேரம் கம்மி என்று தெரிந்தும், பேச்சு சுவாரசியத்தில் கொஞ்சம் தவறவிட்டோம்.

பாத்திரம் கழுவும்போது நண்பனுக்கு மனசு கேட்கவில்லை. அடியில் மீந்த வண்டலை டிகாக்‌ஷன் மண்டி மாதிரி ஒரு டம்ளரில் கவிழ்த்து, நான் தடுப்பதற்குள் ஒரே மடக்காகக் குடித்தான். முகம் சுருங்கிக் கண் மூடி, அரை நிமிடம் கழித்துத்தான் வாய் திறந்தது.

"கடுக்காய்டா."