2004: ஒரே கூரையின் மேல் மூன்று புயல்கள்

ஃபுளோரிடாவில் புயல் என்றதும் பலருக்கும் 1992-இன் ஆண்ட்ரூதான் நினைவுக்கு வரும். என்னைக் கேட்டால், அம்மாநிலத்தை அதிகம் அலைக்கழித்தது 2004-ஆம் ஆண்டின் புயல் பருவமே என்பேன். முந்தைய அடியிலிருந்து எழுவதற்குள் அடுத்த அடி விழுந்த ஆண்டு அது.

ஆகஸ்ட் 13 அன்று, மேற்குக் கரையில் டாம்பா நகரின் பக்கம் போகும் என்று எதிர்பார்க்கப்பட்ட சார்லி புயல், சில மணி நேரத்திற்குள் வலுவேறி, வலப்புறம் திரும்பி, மணிக்கு 240 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் கரையேறி, புன்டா கோர்டா நகரைச் சிதைத்தது. செப்டம்பர் தொடக்கத்தில் பிரான்சிஸ் கிழக்குக் கரையில் ஹட்சின்சன் தீவை ஒட்டிக் கரை கடந்தது. மூன்றே வாரத்தில் ஜீன் ஏறக்குறைய அதே இடத்தில் வந்து நின்றது. இடையில் ஐவன் வடமேற்கு மூலையிலுள்ள பென்சகோலா நகரை உலுக்கிவிட்டுப் போனது.

சார்லி, பிரான்சிஸ், ஜீன் ஆகிய மூன்றின் பாதைகளும் உள்நாட்டில் போல்க் கவுண்டி என்ற மாவட்டத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. சேதமான கூரைகளில் நீலத் தார்ப்பாயை விரித்து, மெல்லிய மரச்சட்டங்களை வைத்து ஆணியடித்திருந்தார்கள். அடுத்த காற்று அதைக் கிழித்துக்கொண்டு போனால், மழைநீர் நேரே வீட்டுக்குள் இறங்கும்.

அதைவிடக் கொடுமை காப்பீட்டுக் கணக்கு. ஆண்ட்ரூவுக்குப் பின், புயல் சேதத்தில் வீட்டுக்காரர் முதலில் தம் கையிலிருந்து போட வேண்டிய தொகையை, வீட்டின் காப்பீட்டு மதிப்பில் 2 சதவீதம் என்பதுபோல் வைத்திருந்தார்கள். 2 லட்சம் டாலர் வீட்டுக்கு அது 4,000 டாலர். ஒவ்வொரு புயலுக்கும் இதைத் தனித்தனியாகக் கழித்ததால், இரண்டு புயல்களில் தலா 4,000 டாலர் இழந்தவருக்கு ஒரு காசுகூடக் கிடைக்காது. டிசம்பரில் சட்டமன்றம் சிறப்பாகக் கூடி, பருவத்திற்கு ஒரு முறை கழித்தால் போதும் என்று மாற்றியது. (பாதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளிலும் இருந்ததே இந்த வேகத்திற்குக் காரணம் என்பது என் ஊகம்.)

ஆரஞ்சுத் தோப்புகளுக்கு அப்படி ஒரு சட்டமும் உதவவில்லை. முற்றாத பச்சைக் காய்கள் கொட்டிப்போய், 24 கோடிப் பெட்டிகளாக இருந்த மாநில விளைச்சல் அடுத்த பருவத்தில் சுமார் 15 கோடியாகச் சரிந்தது. அது ஓராண்டு நட்டம். காற்றும் மழையும் சுமந்து பரப்பிய, எலுமிச்சை இன மரங்களைத் தாக்கும் பாக்டீரியா நோயான கேங்கரோ, இலைக் காயங்கள் வழியே புகுந்து, மஞ்சள் வளையமிட்ட பழுப்புப் புள்ளிகளாகத் தோப்புத் தோப்பாக வெளிப்பட்டது. நோய் கண்ட மரத்தைச் சுற்றி 1,900 அடிக்குள் இருந்த எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களையெல்லாம் வெட்டி அதை ஒழிக்க முயன்ற அரசு, 2005-இல் வில்மா புயலும் வந்து மேலும் பரப்பிய பின், 2006 ஜனவரியில் அத்திட்டத்தையே கைவிட்டது.