ஆண்டறிக்கையும் எல்லையோரத்துக் கிணறுகளும்

எங்கள் பல்கலைக்கழகத்தில் கல்வியாண்டு முடிந்ததும் ஒவ்வொரு புலமும் ஆண்டறிக்கை ஒன்றை எழுதித் தரவேண்டும். கற்பித்தல், ஆய்வு, சமூகக் கூட்டுப்பணி என்று மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அட்டவணைகள். சுற்றுச்சூழல் அறிவியல் புலத்தின் சார்பில் அதைத் தொகுக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. இந்த ஆண்டு எழுதி முடித்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. புலம் செய்த வேலைகளுள் மிகச் சிறந்தது என்று நான் மனமார நம்புகிற ஒன்றை எந்தப் பகுதியில் வைப்பது என்று தெரியவில்லை. எல்லையோரத்து ஊர்களின் கிணற்று நீரில் ஃபுளோரைடை அளக்கும் பணி அது. பாடமாகத் தொடங்கியது, ஆய்வாக வளர்ந்தது, ஊர்க்காரர்களின் திட்டமாக இப்போது நிற்கிறது. மூன்றாக வெட்டி மூன்று அட்டவணையில் போட்டால் எண்ணிக்கை கூடும்; ஆனால் நடந்தது என்ன என்பது படிப்பவருக்கு விளங்காது.

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தை அறியாதவர்களுக்கு முதலில் அந்த நிலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று தமிழக எல்லையை ஒட்டிக் கிழக்கே போகப்போக, கேரளம் என்றதும் மனத்தில் எழும் பச்சை மெல்ல மறைந்துவிடும். மாநிலத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். இந்தக் கிழக்குக் கோடியில் அதில் பாதியைக்கூட எட்டாத ஆண்டுகள் உண்டு. கேரளத்தில் கரிசல் மண் இருப்பது பெரும்பாலும் இங்கேதான். வீட்டிலும் கடையிலும் வயலிலும் தமிழ் புழங்குகிறது. தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுத 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. பாசனத்துக்குப் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தை நம்பியிருக்கும் பகுதி இது. தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையே 1970இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் சித்தூர்ப் பள்ளத்தாக்குக்குக் கிடைக்கவேண்டும். கால்வாய் எட்டாத ஊர்களுக்கு ஆழ்துளைக் கிணறுதான் கதி. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுக்கும் ஒன்றியம் என்று மத்திய மதிப்பீடுகளில் சித்தூரின் பெயர் பதிவானதும் அதனால்தான்.

ஆழத்திலிருந்து வரும் அந்த நீரில் ஃபுளோரைடு கலந்திருக்கிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்றும், வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தரநிலை வகுத்திருக்கிறது. அதைத் தாண்டிய நீரைச் சிறுவயதிலிருந்து குடித்தால் பற்களில் வெண்திட்டுகளும் பழுப்புக் கோடுகளும் விழும்; அளவு மிகுந்து பல ஆண்டுகள் தொடர்ந்தால் எலும்பும் மூட்டும் இறுகும். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் இந்நோயைக் கண்டு மருத்துவர்கள் 1937இலேயே எழுதிவைத்தார்கள். ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் எல்லையோரத்து வீடுகளில் பலர் இதைக் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் முதுநிலை மாணவர்களுக்கு நீர்ப் பகுப்பாய்வு என்றொரு செய்முறைத் தாள் உண்டு. பல ஆண்டுகளாக அது ஆய்வகத்தின் நான்கு சுவர்களுக்குள்ளேயே நடந்துவந்தது. ஆய்வக உதவியாளர் கலந்துவைத்த கரைசலை மாணவர் அளப்பார். விடை முன்கூட்டியே ஆசிரியருக்குத் தெரியும். மதிப்பெண் போட்டால் வேலை முடிந்தது. இந்த ஆண்டு பாடத்திட்டக் குழுவில் வாதாடி, அந்தத் தாளின் பாதியைக் களத்துக்குக் கொண்டுபோனோம். மாணவர்கள் தாங்களே நெகிழிப் புட்டிகளைக் கழுவி, கிணற்று நீரால் மீண்டும் அலசி, மாதிரி எடுத்து, இடத்தையும் ஆழத்தையும் எழுதி ஒட்டினார்கள். கண்ணாடிப் புட்டி ஏன் ஆகாது என்பதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் மறந்துவிடுவார்கள்; பெட்டி அடுக்கும்போது ஒருவர் கேட்டு இன்னொருவர் விளக்கினால் மறப்பதில்லை. விடை தெரியாத நீரை அளக்கும்போது மாணவரின் கை தானாகவே கவனம் கொள்கிறது. ஒருமுறைக்கு இருமுறை அளந்து பார்க்கச் சொல்ல வேண்டிய தேவை இந்த ஆண்டு எனக்கு வரவில்லை.

களப் பரிசோதனை என்பது மிக எளிய ஒன்று. சிறு குழாயில் கிணற்று நீரை எடுத்து, சிர்கோனியம் சேர்ந்த சாயக் கரைசலைச் சில துளிகள் விட்டால் இளஞ்சிவப்பாக இருக்கும். ஃபுளோரைடு மிகுந்திருந்தால் அது சிர்கோனியத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ள, சாயம் தனித்து மஞ்சளாக மாறிவிடும். எல்லையை ஒட்டிய ஓர் ஊரின் அங்கன்வாடித் திண்ணையில் இரண்டு குழாய்களை அருகருகே நிறுத்தி எங்கள் மாணவி ஒருத்தி இதைச் செய்து காட்டினாள். தெருமுனைத் திறந்த கிணற்று நீர் சிவப்பாகவே நின்றது; அதற்கு எதிரே இருந்த ஆழ்துளைக் கிணற்று நீர் எல்லோர் கண் முன்னும் மஞ்சளாகியது. கூட்டத்திலிருந்த ஒரு வயதான அம்மா குழாயைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, பல்லு வெளக்க மாட்டேங்குதுன்னு இத்தன வருசமா புள்ளைகளத்தான வஞ்சிட்டிருந்தோம். இது தண்ணியில இருக்குதுன்னு ஒருத்தரும் சொல்லலயே?" என்று கேட்டார். மாணவியால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வி எங்களைப் போன்ற நிறுவனங்கள் அனைத்துக்கும் உரியது என்று நான் கருதுகிறேன்.

அடுத்த கேள்வியை ஒரு விவசாயி எழுப்பினார். அதுதான் ஆய்வாக மாறியது. "ரெண்டு கெணறும் ஒரே காட்டுலதானுங்க இருக்குது சார், ஒண்ணு நல்லது, ஒண்ணு கெட்டதுன்னா எப்பிடி?" என்று அவர் கேட்டார். புலத்தின் முனைவர் பட்ட மாணவர் ஒருவர் இப்போது இதை ஆராய்கிறார். அந்த வட்டத்திலேயே தமிழ்வழியில் படித்து வந்தவர் அவர். பொதுவான வேதியியல் தெரிந்ததே: கடினப் பாறையில் இருக்கும் பயோடைட், அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு கரைகிறது, நீர் பாறையோடு எவ்வளவு காலம் கிடக்கிறதோ அவ்வளவுக்குக் கூடுகிறது. நீரில் சுண்ணாம்புச் சத்து போதுமான அளவு இருந்தால் அது ஃபுளோரைடைக் கட்டுக்குள் வைக்கும். கரிசல் நிலத்தில் அந்தச் சத்து சுக்கான்கல்லாகப் படிந்து மண்ணிலேயே தங்கிவிடுவதால் நீரில் ஃபுளோரைடு கட்டுப்படாமல் போகிறது. ஏர் ஓட்டும்போது கொழுவில் தட்டுப்படும் அந்த வெள்ளைக் கல்லை இங்குள்ள ஒவ்வொரு விவசாயியும் அறிவார். எந்தக் காட்டில் எத்தனை அடியில் சுக்கான் தட்டுகிறது என்று அவர்கள் சொன்னதை எங்கள் மாணவர் நிலவரைபடத்தில் குறித்துக்கொண்டு வருகிறார். எந்தத் துளையிடும் கருவியும் இத்தனை மலிவாக இத்தகவலைத் தந்திருக்காது. கால்வாய் நீர் பாயும் ஊர்களில் திறந்த கிணறுகள் ஊறி, ஃபுளோரைடு நீர்த்துப்போகிறதா என்பது ஆய்வின் இரண்டாம் பகுதி. மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை அளப்பதுபோல நாங்களும் பருவந்தோறும் அளக்கிறோம். ஒரு பருவத்து முடிவை வைத்துக்கொண்டு கட்டுரை எழுதிவிடலாம். ஆனால் குறைந்தது இரண்டு முழு ஆண்டுகள் பார்க்காமல் எழுதவேண்டாம் என்று முடிவு செய்தோம். ஆய்வேட்டைத் தருவதற்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டின் விதிமுறைகளில் நீக்கியது, இப்படிப் பொறுத்திருந்து செய்யவேண்டிய ஆய்வுக்குப் பெரிய துணை.

இதன் விளைவாக இந்த ஆண்டு எங்கள் கட்டுரைகளின் எண்ணிக்கை குறைந்தது. துறைத்தலைவர்கள் கூட்டத்தில் அதைக் குறித்து வினா எழுந்தபோது, காரணத்தை அறிக்கையிலேயே எழுதிவிட்டேன். உயர்கல்வி நிறுவனங்களை வரிசைப்படுத்தும் தேசிய தரவரிசைக் கட்டமைப்பில் கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் தலா 30 விழுக்காடு எடை; வெளித்தொடர்பும் அனைவரையும் உள்ளடக்குதலும் என்ற தலைப்புக்கு 10 விழுக்காடு. அந்தப் பத்தும் பிற மாநில மாணவர்கள், பெண்கள், பொருளாதாரத்திலும் சமூகத்திலும் பின்தங்கியோர், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி ஆகியவற்றுக்கு உரியது. அவை தேவையானவை, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு புலம் பக்கத்து ஊரின் குடிநீருக்காக உழைத்தால் அந்தக் கணக்கில் எங்கும் ஏறாது. தேசிய தர மதிப்பீட்டு அவையின் ஏழு அளவுகோல்களில் மூன்றாவது, ஆய்வையும் விரிவாக்கப் பணியையும் ஒன்றாகவே வைத்திருக்கிறது. எனினும் அங்கும் நாங்கள் நிரப்புவது எத்தனை நிகழ்ச்சி, எத்தனை மாணவர் என்பதைத்தான். ஒரு நாள் தூய்மைப் பணியும், ஆண்டு முழுவதும் நடந்த கிணற்று ஆய்வும் அந்தக் கட்டங்களில் சரிசமமாக நிற்கின்றன. இது நியாயம் இல்லை. உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் நிறுவனங்கள் ஊர்களைத் தெரிவு செய்து தொடர்ந்து பணியாற்றும் ஏற்பாடு இருக்கிறது. அந்தத் தொடர்ச்சியை மதிப்பீட்டிலும் கொண்டுவந்தால் ஆசிரியர்கள் பலர் முன்வருவார்கள்.

கூட்டுப்பணி என்ற பகுதியில் எழுதத் தகுந்த ஒன்று உண்டு. மாதிரி எடுக்கப் போன தொடக்கத்தில் ஊர்க்காரர்கள் எங்களை வரவேற்கவில்லை. சித்தூர் வட்டத்துக்குத் தண்ணீர்ப் போராட்டம் புதிதல்ல. பெருமாட்டி பஞ்சாயத்தில் உள்ள பிலாச்சிமடையில் குளிர்பான ஆலைக்கு எதிராக 2002இல் பழங்குடிப் பெண்கள் முன்னின்று தொடங்கிய போராட்டம், 2004இல் ஆலை நிற்கும்வரை ஓயவில்லை. அதை முன்னின்று நடத்திய மயிலம்மாவின் பெயர் இங்கே இன்றும் மரியாதையோடு சொல்லப்படுகிறது. "பாட்டல்ல தண்ணி கொண்டுபோனவங்க நெறய பேருங்க, திரும்பி வந்து சொன்னவங்க யாருமில்ல" என்று வார்டு மெம்பர் ஒருவர் எங்களிடம் நேராகவே சொன்னார். அன்றே புலக்குழுவில் ஒரு விதி வகுத்தோம்: எந்தக் கிணற்றின் முடிவும் முதலில் அந்தக் கிணற்றுக்காரருக்கும் பஞ்சாயத்துக்கும் தமிழிலும் மலையாளத்திலும் எழுத்தில் போய்ச் சேரவேண்டும், ஆய்விதழுக்கு அதன் பிறகுதான். விதியை எழுதுவது எளிது. கடைப்பிடிக்க மாணவர்கள் விடுமுறையிலும் வீடுவீடாகப் போகவேண்டியிருந்தது.

அதிலும் ஒரு நுட்பம் இருந்தது. பல்லில் கறை என்றால் பெண்பிள்ளைகளுக்கு வரன் அமைவதில் தடை வருமோ என்ற அச்சம் பல வீடுகளில் இருக்கிறது. நீர் கெட்டது என்று ஊரறியத் தெரிந்தால் நிலத்தின் விலை விழும் என்றும் சிலர் கவலைப்பட்டார்கள். ஆகவே பொதுவில் காட்டும் வரைபடத்தில் உரிமையாளர் பெயரோ வீட்டு எண்ணோ இல்லை. பகுதி மட்டுமே நிறத்தால் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆய்வு நெறி பற்றிய தாளில் எத்தனை மணிநேரம் பேசினாலும் கிடைக்காத தெளிவு மாணவர்களுக்கு இந்த ஓர் உரையாடலில் கிடைத்தது.

கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்டமிடல் இயக்கத்துக்குப் பின் பஞ்சாயத்துகளிடம் திட்ட நிதியும் அதைத் தீர்மானிக்கும் உரிமையும் இருப்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரும் வாய்ப்பு. கிராம சபையில் வரைபடத்தை வைத்தபோது குடும்பஸ்ரீ என்ற சுயஉதவிக் குழுப் பெண்கள்தான் அதிகம் கேட்டார்கள். எந்தக் குழாயடி நீரைச் சமையலுக்கு எடுப்பது, எதைத் துணி துவைக்க வைத்துக்கொள்வது என்று அங்கேயே பிரித்துப் பேசினார்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் சுண்டச்சுண்ட அளவு கூடவே செய்யும் என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது. படிகாரமும் சுண்ணாம்பும் இட்டுத் தெளிய வைக்கும் நல்கொண்டா முறையை விளக்கினோம்; அன்றாடம் அளவு பார்த்துக் கலப்பதும் தங்கும் கசடை அப்புறப்படுத்துவதும் வீட்டுப் பெண்களின் தலையில் விழும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. கூரை மழைநீரைத் திறந்த கிணறுகளில் விடும் மழப்பொலிமா திட்டம் பக்கத்து மாவட்டமான திருச்சூரில் 2008 முதல் நடந்துவருகிறது. தூர்ந்து குப்பைக்குழியாகிப்போன பழைய கிணறுகளைத் தூர்வாரி அதேபோல் செய்யலாம் என்ற யோசனைக்கு ஆதரவு இருந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கருத்தரங்கு நடந்தது, புதிய கருவி ஒன்று வந்தது, நிரப்பப்படாத ஆசிரியர் பணியிடங்கள் அப்படியே இருக்கின்றன. நான்காண்டு இளநிலைப் படிப்பு 2024இல் கேரளமெங்கும் தொடங்கியபின் இளநிலை வகுப்புகளின் சுமையும் எங்கள் பக்கம் வந்திருக்கிறது. களப்பணிக்கு நாள் ஒதுக்குவது இனி இன்னும் கடினமாகும். ஒரு பணியிடமாவது நிரம்பினால்தான் இந்த வேலை அடுத்த தொகுதி மாணவர்களுக்கும் தொடரும் என்று அறிக்கையில் அழுத்தமாகவே எழுதியிருக்கிறேன்.

முடிவில் அந்தப் பணியை மூன்று அட்டவணைகளிலும் துண்டுபோடாமல், தனி இணைப்பாக எட்டுப் பக்கத்தில் எழுதி, தமிழ்ப் படியையும் மலையாளப் படியையும் அதனுடன் சேர்த்து அனுப்பினேன். தர உறுதிக் குழு இதற்கென்று ஒரு கட்டம் இல்லை என்று திருப்பி அனுப்பலாம். அனுப்பினால் கல்விக் குழுவில் எடுத்துப் பேச இரண்டு சக ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பஞ்சாயத்து, அடுத்த ஆண்டுத் திட்டத்தில் கிணறு தூர்வாரும் வேலையைச் சேர்ப்பதற்கு முன், எந்தக் கிணறுகளை முதலில் எடுப்பது என்ற பட்டியலை எங்களிடம் கேட்டிருக்கிறது. கோடைத் தேர்வு முடிந்ததும், பருவமழைக்கு முன்பாக அந்த அளவெடுப்பை முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம்.