இரண்டு தசைக்கு நடுவே

"நெஞ்சுக்குள்ள மிஷின் வைக்கப் போறீங்களாமே சார்?" என்று கேட்டார் அந்த லோடுமேன். நெஞ்சுக்குள் இல்லை அண்ணே, இங்கே என்று இடது அக்குளுக்குக் கீழே விலாவைத் தொட்டுக் காட்டினேன். "அந்தப் பக்கம்தான் ஒருக்களிச்சுப் படுப்பேன்" என்றார்.

அவருக்குத் தோலடி ஐசிடி. இதயம் தாறுமாறாகத் துடித்தால் தானாகவே ஷாக் கொடுத்து அடக்கும் பெட்டிதான் ஐசிடி. வழக்கமான ஐசிடியின் வயர் ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகும். பெட்டி காரை எலும்புக்குக் கீழே உட்காரும். இதில் வயர் நெஞ்செலும்பை ஒட்டித் தோலுக்கடியிலேயே நின்றுவிடும். இதயத்தைத் தொடாமல் தூரத்திலிருந்து அடிப்பதால் ஷாக் 80 ஜூல். பெட்டியும் பெரிது, சுமார் 130 கிராம். 1980 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் டாக்டர் மிரோவ்ஸ்கியின் குழு முதன்முதலாக ஒரு மனிதருக்கு ஐசிடி வைத்தபோது நெஞ்சைத் திறந்து, பெட்டியை வயிற்றில் புதைத்தார்கள். அதற்கு விலா எவ்வளவோ தேவலை.

விலாவில் எங்கே என்பதில்தான் நான் ஒருமுறை சூடுபட்டேன். பயிற்சிக் காலம், பருமனான நோயாளி. தோலுக்கடியில் கொழுப்பிலேயே பைபோல் இடம் பண்ணிப் பெட்டியை வைத்தோம். சோதனைக்காக இதயத்தைத் துடிதுடிக்க வைத்தோம். 65 ஜூல் அடித்தும் அடங்கவில்லை. வெளியிலிருந்து ஷாக் கொடுத்துத்தான் மீட்டோம். எக்ஸ்ரேயில் பெட்டி முன்பக்கம் தள்ளி, கொழுப்பு மெத்தையில் மிதந்துகொண்டிருந்தது. வயருக்கும் பெட்டிக்கும் இடையில் பாயும் மின்சாரம் இதயத்தின் ஊடாகப் போக வேண்டும். பெட்டி முன்னால் இருந்தால் மின்சாரம் இதயத்துக்கு முன்னாலேயே போய்விடும். கொழுப்போ மின்சாரத்தை லேசில் விடாது. மறுபடி திறந்து, ஆழத்தில் பின்னால் தள்ளி வைத்தபின் முதல் அடியிலேயே அடங்கியது.

அந்த ஆழம் என்பது இரண்டு தசைகளுக்கு நடுவிலுள்ள இடுக்கு. கீழே விலாவெலும்புகள்மேல் ரம்பப் பல்போல் பிடித்திருக்கும் செரேட்டஸ். மேலே முதுகிலிருந்து போர்வையாக வரும் லட்டிசிமஸ். இடையில் ரத்தம் அதிகம் கிடையாது. ஆட்டுத்தோல் உரிப்பவர் கத்தியைக் கீழே போட்டுவிட்டு முஷ்டியால் தள்ளுவாரே, அதேபோல் விரலால் தள்ளினாலே பிரிந்துவிடும். பிரியவில்லை என்றால் தப்பான அடுக்கில் இருக்கிறோம் என்று அர்த்தம். செரேட்டஸின் மேற்பரப்பில்தான் நீள்மார்பு நரம்பு ஓடுகிறது. அது அடிபட்டால் தோள்பட்டை எலும்பு இறக்கைபோல் துருத்தும், கையை மேலே தூக்க முடியாது. மூட்டை தூக்குகிறவருக்குப் பிழைப்பே போச்சு.

அதனால் முந்தின நாள் மாலையே லோடுமேனை நிற்க வைத்து, கையைத் தொங்கவிட்டபடியே மார்க்கரால் வரைந்தேன். மேஜையில் கையை விரித்தால் தோல் நகர்ந்துவிடும், கோடு பொய் சொல்லும். என் உள்ளங்கைக்கு எதிராக முழங்கையைக் கீழே அழுத்தச் சொன்னேன். லட்டிசிமஸின் முன்விளிம்பு தாம்புக்கயிறாகப் புடைத்தது. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு விளிம்பை நான் பார்த்ததில்லை. மறுநாள் மாதிரிப் பெட்டியைத் தோல்மேல் வைத்து எக்ஸ்ரே திரையில் பார்த்தபோது, இதயத்தின் நிழல் வயருக்கும் பெட்டிக்கும் நடுவே சரியாக விழுந்தது.

மூன்று மாதம் கழித்து வந்தார். கையை உச்சிக்குத் தூக்கிக் காட்டினார். பெட்டி வெளியே தெரியவேயில்லை.

"தூக்கம்?" என்றேன்.

"வலப்பக்கம் படுக்கப் பழகிட்டேன் சார். இடப்பக்கம் படுத்தா ஏதோ ஆளு பக்கத்துல இருக்குற மாதிரி இருக்கு."